வாசலுக்கு உள்ளே முதலாளியம்மா

ஒரு கேள்வி. ரொம்ப யோசிக்காமல் பதில் சொல்லுங்கள். உங்கள் தெருவுக்கு இரண்டு பெண்கள் குடி வருகிறார்கள். ஒருத்தி நல்ல சிவப்பு. மூக்குக் கண்ணாடி, கையில் குடை. இன்னொருத்தி கன்னங்கரேல் என்று இருக்கிறாள். இரண்டு கையிலும் பெட்டி, கக்கத்தில் படுக்கைச் சுருள். இவர்களில் வீட்டு எஜமானி யார், வேலைக்காரி யார்?

சொல்லிவிட்டீர்கள் அல்லவா? ஒருத்தி எஜமானி என்றால் மற்றவள் வேலைக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கேள்வியிலேயே குழி வெட்டியிருந்தது. நேராக வந்து விழுந்தீர்கள். இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லோரும் அதே குழியில் விழுந்தவர்கள்தான். முதலில் விழுந்தவள் அவர்கள் குடி வந்த வீட்டின் சொந்தக்காரி.

குடி வந்த அன்று வீட்டுக்கார அம்மாள் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே சிவந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. பிறகு பார்வை பின்னால் நின்றவள் மேல் விழுந்தது.

"இது யாரு? உங்ககூடவே தங்கி வேலை செய்யறவளா?"

டீச்சர் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது.

"ஆமாங்கம்மா. சமையல், துணி, எல்லாம் நான்தான்."

"அப்ப நல்லதாப் போச்சு. தனியா இருக்கற பொம்பளைக்கு வீடு குடுக்க எனக்கு யோசனையாத்தான் இருந்துச்சு. கூட வேலைக்கு ஆள் இருந்தா கவலையில்ல. ஏ பொண்ணு, நீ பின்பக்கமா சுத்தி வா. முன்னால இப்பத்தான் துடைச்சு விட்டிருக்கு."

கறுத்தவள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். வீட்டுக்கார அம்மாள் போய்க் கதவைச் சாத்தியதும் டீச்சர் கொதித்துப் போனாள்.

"ஏண்டி, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? யாரு சமையல்? யாரு துணி? டிப்போல சம்பளம் வாங்கற உனக்கு இந்தப் பேச்சு தேவையா?"

"இதுக்கு முன்னால பாத்த வீட்லல்லாம் ரெண்டு பேரும் சேந்து இருக்கப் போறோம்னு உண்மையச் சொன்னோம். என்ன ஆச்சு? மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினாங்க. இங்க ஒரு பொய் சொன்னேன், சாவி கைக்கு வந்துடுச்சு. விடுங்க டீச்சர்."

டீச்சர் பெட்டி மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து கறுத்தவள் கிட்டே போனால், சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு எழுந்து போனாள். பாத்திரங்களைத் தேடி எடுத்து, அடுப்பைப் பற்ற வைத்து, ஒரு டம்ளர் டீ போட்டுக் கொண்டுவந்து, இடுப்பை வளைத்து நீட்டினாள்.

"இந்தாங்க முதலாளியம்மா. சர்க்கரை போதுமான்னு பாத்துச் சொல்லுங்க."

அன்றைக்கு ஆரம்பித்தது இந்த விளையாட்டு. வாசலுக்கு வெளியே அவள் வேலைக்காரி. டீச்சருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். வாசலுக்கு உள்ளே அவள் முதலாளியம்மா. டீயும் டீச்சர்தான், சமையலும் டீச்சர்தான். இவள் அடுப்பாங்கரைப் பக்கம் போனால் கரண்டியைக் காட்டி விரட்டுவாள். அத்தனை வருடங்களில் இவள் ஒரு நாள்கூட டீ போட்டதில்லை. ஒவ்வொரு முறையும் முதல் மடக்கைக் குடித்துவிட்டு, "சர்க்கரை பத்தலை" என்பாள். சர்க்கரை பாகு மாதிரி இருந்தாலும் அப்படித்தான் சொல்வாள்.

அவள் வேலை செய்தது பஸ் டிப்போவில், இருக்கைகள் தைக்கிற பட்டறையில். கிழிந்த ரெக்சினை உரித்து, நைந்துபோன ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிந்து, ஸ்பிரிங்கை நிமிர்த்தி, புது மெத்தை வைத்துத் தைப்பது. டிரைவரிலிருந்து மேஸ்திரி வரை எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. ஊர் முழுக்க உட்கார இடம் தைத்துக் கொடுத்தவள். அவளைப் பார்த்து, "உக்காருங்க" என்று சொன்னவர்களைத்தான் தேட வேண்டும்.

டீச்சர் அவளை முதன்முதலில் பார்த்ததும் அந்தப் பட்டறையில்தான். பஸ் சீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஸ்பிரிங் டீச்சரின் உடுப்பைப் பின்பக்கம் ஒரு சாண் கிழித்துவிட்டது. குடையால் மறைத்துக்கொண்டு சண்டை போட நேராக டிப்போவுக்கே வந்துவிட்டாள்.

"இதுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான்" என்றாள் சீட்டக்கா. "திரும்பி நில்லுங்க."

"என்னது?"

"திரும்பி நில்லுங்கன்னேன். இப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போனா பிள்ளைங்க பாடம் கவனிக்குமா?"

ரெக்சின் தைக்கிற வளைந்த ஊசியால் நின்ற நிலையிலேயே தைத்துவிட்டாள். தோலில் ஒரு குத்துக்கூட விழவில்லை. டீச்சர் அடுத்த வாரமும் வந்தாள். இந்த முறை எதுவும் கிழிந்திருக்கவில்லை.

சீட்டக்கா பிறந்து வளர்ந்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கறுத்த ஜனங்கள் இருக்கும் குடியிருப்பில். தோலில் நிறமி கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தண்ணீர்க் குழாய் கடைசியாக வரும், விளக்குக் கம்பம் வராமலே போகும் என்பது அங்கே எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை எதிர்த்து அவளுடைய அண்ணன் ஒரு சங்கம் நடத்தினான். நல்ல சங்கம். அடி வாங்கிய சங்கம். தங்கையும் கொடி தைத்துக் கொடுத்திருக்கிறாள். டீச்சர் விஷயம் காதுக்கு எட்டிய அன்று அண்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"இப்பத்தான் நம்ம ஜனங்க ஒண்ணா நிக்க ஆரம்பிச்சிருக்காங்க. இந்த நேரத்துல இந்த அசிங்கத்தக் கொண்டாந்து நடுவுல வைக்காத. இதெல்லாம் வெளுத்த தோலுக்காரங்க வியாதி."

"வியாதின்னா எனக்கு எப்படிண்ணே வந்துச்சு? நான் என்ன வெளுத்தா போயிட்டேன்?"

அண்ணன், பதில் தெரியாதவர்கள் செய்கிறதைச் செய்தான். வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டான்.

காலம் மாறியது. மாறியது என்று பத்திரிகைகள் எழுதின. பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று பேச ஊரில் ஓர் அமைப்பு வந்தது. வண்ண வண்ணக் கொடிகள், முழக்கங்கள், படித்த பிள்ளைகள். டீச்சர் அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். இனி யாரும் வேலையைப் பிடுங்க முடியாது என்ற தைரியம் வந்திருந்தது. அமைப்பின் கூட்டத்துக்குச் சீட்டக்காவை இழுத்துக்கொண்டு போனாள்.

வாசலில் வரவேற்ற இளம்பெண் டீச்சரைக் கட்டிக்கொண்டாள். "உங்களை மாதிரி மூத்தவங்க வர்றது எங்களுக்கு எவ்ளோ பெரிய பலம் தெரியுமாம்மா?" என்று கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போனாள். போகிற போக்கில் பின்னால் நின்றவளிடம் நான்கைந்து காலி டம்ளர்களைக் கொடுத்தாள். "அக்கா, மேடைக்கு இன்னும் கொஞ்சம் டீ வேணும்."

சீட்டக்கா வாங்கிக்கொண்டாள். பழக்கம்தான்.

டீச்சருக்குப் பேசும் முறை வந்தது. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டாள். "பாதி ஆயுசா ஒருத்திகூட வாழறேன். இவ்வளவு நாள் சொல்லாதது என் கோழைத்தனம். என் துணை இப்ப இந்த அறையிலதான் இருக்கா."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. எங்கே, எங்கே என்று கண்கள் தேடின. பக்கத்து வரிசையைப் பார்த்தன. பின் வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு சிவந்த அம்மாளைப் பார்த்துப் புன்னகை செய்தன. நடுவில் டீத் தட்டோடு நின்றவளைத் தாண்டித் தாண்டிப் போயின. டீச்சர் அவளைப் பார்த்துக் கை நீட்டப் போனாள். சீட்டக்கா தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம்.

வீட்டுக்கு வந்து அவள் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"ஏன் தலைய ஆட்டின?"

"கையில தட்டு இருந்துச்சே டீச்சர். அந்தக் கோலத்துலயா என்னைக் காட்டுவீங்க?"

யோசித்துப் பாருங்கள். ஒரு சங்கத்தில் அவளுடைய நிறத்துக்கு இடம் உண்டு, அன்புக்கு இல்லை. இன்னொரு சங்கத்தில் அன்புக்கு இடம் உண்டு, நிறத்தைப் பார்த்ததும் டம்ளரை நீட்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் நீதி பேசுகிறார்கள். அவளுக்கு உடம்பு ஒன்றுதானே? பாதியை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக முடியுமா?

டீச்சர் அன்று தூங்கப் போகும் முன் முடிவாகச் சொன்னாள்: "போதும். ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்ல யார்கிட்ட அனுமதி வாங்கணும்? வீட்டுக்காரம்மாகிட்ட சொல்றேன். என் தம்பிகிட்ட சொல்றேன். முன்வாசல் வழியா நீ வரணும்."

"சொல்லலாம், சொல்லலாம். உங்க தம்பி அடுத்த தடவை வரட்டும்."

தம்பி அடுத்த தடவை வந்தது ஆஸ்பத்திரிக்கு.

டீச்சருக்கு மூச்சு முட்டி, சீட்டக்காதான் தூக்கி வண்டியில் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தம்பியும் அவன் மனைவியும் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். தம்பி கெட்டவன் இல்லை. எப்போது வந்தாலும் சீட்டக்காவிடம், "என்னம்மா, அக்காவை நல்லாப் பாத்துக்கறியா?" என்று கேட்பான். அவன் வரும்போதெல்லாம் அவள் அடுப்பாங்கரையில் உட்கார்ந்துகொள்வாள்.

நர்ஸ் வந்து கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "இந்த வார்டுல சொந்தக்காரங்க மட்டும்தான் இருக்கலாம். இவங்க யாரு?"

தம்பி ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்துவிட்டது. மூக்கில் குழாய், நெருப்பாகக் காய்ச்சல், பாதி மயக்கம். அத்தனை வருடங்களாக வீட்டுக்காரிக்கும் பக்கத்து வீட்டுக்கும் பால்காரனுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய், கேள்வி காதில் விழுந்ததும் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

"வீட்டு வேலைக்கு... இருக்கற பொண்ணு."

சொன்ன மறுகணம் டீச்சரின் கண் முழுதாகத் திறந்தது. என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கை போர்வைக்கு வெளியே வந்து காற்றில் துழாவியது. "குளிருது போல இருக்குக்கா" என்று தம்பி அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து மூடினான்.

"வேலைக்காரங்கள்லாம் கீழ இருங்கம்மா" என்றாள் நர்ஸ்.

அந்த இடத்தில் சீட்டக்கா வாயைத் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை? சாகக் கிடக்கிறவளைத் தம்பி முன்னால் பொய்க்காரி ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை. இன்னொரு பக்கம், டீச்சர் சொல்வாள், டீச்சரேதான் சொல்ல வேண்டும், கொஞ்சம் தெளிந்ததும் சொல்லிவிடுவாள் என்று நம்பினாள். இதைவிட எளிய காரணம் ஒன்றும் உண்டு. பொய்யை ஆரம்பித்து வைத்தவள் அவள்தான்.

கீழே, மாடிப்படிக்கு அடியில், தரையைத் துடைக்கும் வாளிகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். மறுநாள் காலையில் வீட்டுக்கு ஓடிப்போய் வாழ்க்கையில் முதல் முறையாக டீ போட்டாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தூள் எவ்வளவு என்று தெரியவில்லை. சர்க்கரை போட்டோமா இல்லையா என்பதே நினைவில்லை. பிளாஸ்கில் ஊற்றி எடுத்துவந்து, வார்டு ஆயாவிடம் கெஞ்சிக் கொடுத்தாள்.

"ஒரு மடக்காவது குடுத்துடும்மா."

ஆயா போனாள். வெகுநேரம் கழித்து, சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியாத முகத்தோடு இறங்கி வந்தாள்.

"குடிச்சாங்கம்மா, ஒரு ஸ்பூன். ஆனா அம்மாவுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு நினைக்கறேன். தம்பிகிட்ட கையக் கையக் காட்டி, 'முதலாளியம்மாவைக் கூப்பிடு, முதலாளியம்மாவைக் கூப்பிடு'ன்னாங்க. அவரு, 'எந்த முதலாளியம்மாக்கா? நீ வேலை பாத்தது பள்ளிக்கூடத்துல'ங்கறாரு. அப்புறம் என்னைப் பாத்து, 'முதலாளியம்மாகிட்ட சொல்லு, சர்க்கரை பத்தலை'ன்னாங்க. யாரும்மா அது?"

சீட்டக்கா பிளாஸ்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"நான்தான்" என்றாள்.

"எந்த நான்?"

"என்னை மேல விடும்மா. உன் கால்ல விழறேன்."

ஆயா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, துடைப்பத்தை அவள் கையில் கொடுத்து, "பெருக்கற மாதிரி வா" என்றாள். கடைசிவரை அந்த வேடம்தான் கதவைத் திறந்தது. பெருக்கிக்கொண்டே மேலே போனாள். வார்டு வாசலை எட்டியபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். திரைக்கு உள்ளே தம்பியின் அழுகை கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தவை சீராக நடந்தன. தம்பி மனைவி வீட்டை ஒழித்தாள். அலமாரியைத் திறந்து, "பாவம், நீயும் ரொம்ப நாள் உழைச்சிருக்க. இதுல உனக்கு ஆகறத எடுத்துக்க" என்று பழைய உடுப்புகளை எடுத்துப் போட்டாள். அதில் ஒன்றில், பின்பக்கம், ஒரு சாண் நீளத்துக்குத் தையல் இருந்தது. டீச்சர் அதைத் தூக்கிப் போடவே இல்லை. சீட்டக்கா அதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்துல இரங்கல் கூட்டம் வச்சிருக்காங்க. சீக்கிரமா வந்துடு. டீ போட ஆள் வேணும்" என்றாள் தம்பி மனைவி.

போனாள். அந்தக் கிழிசல் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு போனாள். மண்டபத்தில் முன்வரிசை நாற்காலிகள் குடும்பத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவள் நேராக நடந்து போய் முன்வரிசையில், நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தம்பி மனைவி குனிந்து காதோடு சொன்னாள்: "ஏம்மா, இங்க உக்காந்துட்ட? டீ யாரு போடறது?"

"எங்க வீட்ல டீ போடறது அவங்கதான்" என்றாள் சீட்டக்கா. குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "எனக்குப் போடத் தெரியாது. நான் வேலைக்காரி இல்ல. அவங்களும் நானும் கல்யாணம் கட்டாத குறையா வாழ்ந்தோம். அவங்க போயிட்டாங்க. நான் இங்கதான் உக்காருவேன்."

தம்பியின் முகம் சிவந்து பிறகு வெளுத்தது. "செத்தவங்க மேல சேத்த வாரிப் பூசறியே, அவ சோத்தத் தின்ன வாயி" என்றான். பள்ளிக்கூடத்து ஆட்கள் இருவர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள்.

மூன்றாவது வரிசையில் வீட்டுக்கார அம்மாள் இருந்தாள். பின்பக்கக் கதவு அவளுக்கு நினைவுக்கு வந்திருக்கும். தரையைப் பார்த்தாள். அதற்குப் பின்னால், மாலையோடு வந்திருந்த அமைப்பின் இளம்பெண். டீச்சரைப் பற்றிப் பேசத் தயாராக வந்தவள். டம்ளரை நீட்டியது யாரிடம் என்று அந்த நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. வாயில் கை வைத்துக்கொண்டாள். எழுந்து, "விடுங்க அவங்களை" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்காலியின் விளிம்புவரை வந்தாள். எழவில்லை. ஒரு மண்டபம் நிறைய நல்லவர்கள் உட்கார்ந்திருக்க, ஒருத்தியைத் தரதரவென்று வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

அவள் டிப்போவுக்குப் போனாள். வேறு எங்கே போவது? மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன சீட்டக்கா, உடம்பு சரியில்லையா? வீட்ல யாராவது...? சொந்தத்துல சாவுன்னா லீவு உண்டு, எடுத்துக்க."

அவள் ஸ்பாஞ்சை வெட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு யாரும் சாகலியாம் மேஸ்திரி. இப்பத்தான் சொல்லி அனுப்பினாங்க."

மேஸ்திரிக்குப் புரியவில்லை. அவள் வளைந்த ஊசியில் நூலைக் கோத்து ஒரு சீட்டைத் தைக்க ஆரம்பித்தாள். நூல் ஓடவில்லை. ரெக்சின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரைத் துடைத்துத் துடைத்துத் தைத்தாள். அந்த சீட்டில் இப்போது யாராவது உட்கார்ந்து போய்க்கொண்டிருப்பார்கள். நீங்களாகக்கூட இருக்கலாம்.

அழுதுவிட்டு இதை மூடி வைக்காதீர்கள். அந்த மண்டபம் ஊருக்கு ஊர் இருக்கிறது. அடுத்த முறை அதில் நீங்கள் இருப்பீர்கள். யாரையாவது கையைப் பிடித்து வெளியே கொண்டுபோவார்கள், எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். அப்போது நாற்காலியின் விளிம்புவரை வந்து நின்றுவிடாதீர்கள். எழுந்திருங்கள். உங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் அவளுக்குப் போடுங்கள். "உக்காருங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.